செலவு யார் தலையில்?

பிரியமானவர்களே, இங்கே எழுந்து நிற்கத் தைரியம் கொடுத்த ஆண்டவருக்கு முதலில் நன்றி. மற்றவர்கள் கண்ணீரோடு ஜெபித்ததைச் சொல்வார்கள். நான் கோபத்தோடு ஜெபித்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் இரத்தோட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். எங்கள் சாப்பாடே அந்தக் காரில்தான் இருந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள், ஆளை இறக்குவதற்காக வீதியோரம் நிறுத்தியிருந்தார். பின்னால் வந்த லொறி இடித்துத் தள்ளியது. அவர் உயிர் தப்பியதே பெரிது. லொறி முதலாளியோ, "நடு ரோட்டுல நிப்பாட்டினா இடிக்காம என்ன செய்யும்?" என்று கையை விரித்துவிட்டார்.

எங்கள் இன்சூரன்ஸ், நாங்கள் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு மட்டும்தானாம். மாத்தளை கோர்ட்டில் வழக்குப் போட்டோம். எங்களுக்காகப் பேசிய வக்கீல், புரொக்டர் ஐயா, நல்லவர். கூலியைத் தீர்ப்புக்குப் பிறகு தந்தால் போதும் என்றார். எங்கிருந்து தருவது? கடன்பட்டுத் திருத்தி எடுத்திருந்த காரை விற்றுத்தான். வாங்கிக்கொள்ள யட்டவத்தை மிளகு வியாபாரி காசிம் நானா சம்மதித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியிலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் ஒரே கேள்விதான். "ஆண்டவரே, இடித்தவன் சும்மா இருக்கிறான். இடிபட்டவன் நியாயம் கேட்கவும் காசு கொடுக்கணுமா? இது என்ன ஞாயம்? எனக்கு விளங்கச் சொல்லும்!" பாருங்கள், உதவி கேட்கவில்லை. விளக்கம்தான் கேட்டேன். போதகரைக் கேட்டேன். பஸ் கண்டக்டரைக்கூட விடவில்லை. "எனக்கு எப்படிக்கா தெரியும்? டிக்கெட்ட எடுங்க" என்றார் அவர்.

தீர்ப்பு நாள் வந்தது. நீதிபதி எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே சொன்னார். எங்களுக்குப் பிடிபட்டது கடைசிச் சொல் ஒன்றுதான்: "கோஸ்ட்ஸ்." கோஸ்ட் என்றால் செலவு. அது தெரியும். ஐயோ, தோற்றும் போனோம், செலவும் நம் தலையில்! "நான் கேட்டதுக்கு இதுதானா பதில்?" என்று மனதுக்குள் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். வெளியே காசிம் நானா காத்திருந்தார். என் வீட்டுக்காரர் கார் சாவியை அவர் கையில் வைத்தார்.

புரொக்டர் ஐயா பின்னாலேயே ஓடி வந்தார். "என்ன செய்றீங்க? நாமதான் ஜெயிச்சோம்!"

"கோஸ்ட்ஸ்னு சொன்னாங்களே ஐயா?" என்றேன்.

சிரித்துவிட்டார். "அது லொறி முதலாளி தலையில அம்மா. காருக்கு நட்டமும் அவர்தான் கட்டணும், நம்ம வழக்குச் செலவும் அவர்தான் கட்டணும். முழுசா வராது, கோர்ட் ஒத்துக்கிற அளவுக்கு வரும். மிச்சத்த மெதுவா தாங்க."

காசிம் நானா சாவியைத் திருப்பி நீட்டினார். "அல்ஹம்துலில்லாஹ்! இந்தாங்க, புடிங்க. என்னைய யட்டவத்தைல கொண்டு போய் விடுங்க, வாடகை தாறேன்."

நான் கோர்ட் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோதே ஆண்டவர் பதில் சொல்லி முடித்துவிட்டார். எனக்குத்தான் பாஷை விளங்கவில்லை.

இன்றைக்கும் அவரைக் கேள்வி கேட்கிறேன். கேட்டுவிட்டு இப்போது கொஞ்சம் பொறுத்திருக்கிறேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். வந்த பதில் விளங்கவில்லையென்றால், அவசரப்பட்டுச் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.