காலால் பிறந்தவள்

சின்னப்பாப்பா தாய் வயிற்றிலிருந்து காலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தவள். பெற்றவள் அன்றைக்குப் பட்ட பாட்டை யாரும் பேசுவதில்லை. மகளுக்கு வந்த மரியாதையைத்தான் பேசுவார்கள். காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது மரக்காணம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். கூனிமேட்டு வியாபாரியும் அனுமந்தை மீனவரும் அவள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். உப்பளத்தில் அவளை விரட்டி வேலை வாங்கும் மேஸ்திரி கண்ணாயிரம்கூட, இடுப்பு பிடித்துக்கொண்டால் "யக்கா, கொஞ்சம் மிதிச்சு வுடு" என்று அவள் காலடியில் கிடப்பான். அந்த ஒரு 'யக்கா'வுக்காகவே அவள் அந்தக் காலை உயிராக வைத்திருந்தாள். பெருமை என்று சொல்லிக்கொள்ள அவளிடம் வேறு என்ன இருந்தது?

இரண்டாயிரத்து ஆறில், உப்பு வாருகிற நேரம் பார்த்து அவள் இடுப்பே பிடித்துக்கொண்டது. கூடை தூக்க முடியாததுகூடப் பரவாயில்லை, ஒற்றைக்காலில் நின்று அடுத்தவர் முதுகை மிதிக்க முடியவில்லை. தன் முதுகைத் தானே மிதித்துக்கொள்ள ஆண்டவன் வழி வைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் காலால் பிறந்த வேறு ஆளும் இல்லை. இப்போதெல்லாம் அப்படித் திரும்பிக் கிடக்கிற பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்துவிடுகிறார்களே.

மகள் மலர்கொடிக்குச் சென்னையில் ஒரு கிளினிக்கில் துண்டு துவைத்து மடிக்கிற வேலை. மருந்து மாத்திரை இல்லாமல், எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யும் ஆஸ்டியோபதி வைத்தியம் அங்கே. "எங்க டாக்டரு கைய வச்சாலே போதும்மா, பஸ் ஏறி வா" என்று வற்புறுத்தி வரவழைத்தாள்.

கிளினிக் போர்டில் 'வணக்கம்' என்று என்னென்னவோ மொழியில் எழுதியிருந்தது. எந்த மொழியில் பேச விருப்பம் என்று வரவேற்பில் இருந்த பெண் இங்கிலீஷில் கேட்டாள். தமிழ் என்றாள் மலர்கொடி. தமிழ் பேசுகிற டாக்டருக்கு அன்று லீவாம். ஆக, பிரெஞ்சுக்கார டாக்டர் இங்கிலீஷில் கேட்க, அந்தப் பெண் தமிழில் சொல்வது என்று ஏற்பாடு.

என்ன வேலை, எப்படித் தூக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்த டாக்டர், "பிறக்கும்போது எப்படிப் பிறந்தீங்க?" என்றும் கேட்டார்.

சின்னப்பாப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது. பட்டணத்திலும் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்!

"காலால பொறந்தேன்னு சொல்லுமா. மொதல்ல வெளிய வந்ததே காலுதான்."

டாக்டர் முகம் வாடிவிட்டது. உங்கள் இடுப்பின் கோளாறு அன்றைக்கே தொடங்கியிருக்கலாம் என்று பரிவோடு சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரே கும்பிடுகிற காலை, கோளாறு என்று சொல்ல இவர் யார்?

"அவரு எப்டிப் பொறந்தாராம்? கேளு."

டாக்டர் சிரித்தார். அம்மா வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்களாம்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். எழுந்திருக்க இடுப்பு விடவில்லை. டாக்டர் அவளை மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கையை இடுப்புக்கடியில் கொடுத்து, அமுக்காமல் திருகாமல் சும்மா வைத்திருந்தார். இதற்கா இவ்வளவு தூரம் என்று அவள் கண்ணயர்ந்தாள். எழுப்பி நிற்கச் சொன்னபோது நிமிர்ந்து நின்றாள். வலி இல்லை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

ஊரில் இறங்கியதும் கண்ணாயிரம்தான் முதலில் பிடித்துக்கொண்டான். "யாரு யக்கா சரி பண்ணது?"

வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை அவர் என்று சொன்னால் தன் காலுக்கு என்ன மதிப்பு? "அவரும் காலால பொறந்தவருதான்" என்று ஒரு போடு போட்டாள். ஊர் நம்பியது. தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கண்ணாயிரத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வளைந்தபடியே வந்தான். அவள் புடவையைச் செருகிக்கொண்டு தயாரானாள். அவன் படுக்கவில்லை.

"வேணாங்க்கா. அவரும் காலால பொறந்தவரு, அதுக்கு மேல டாக்டருக்கும் படிச்சிருக்காரு. ஒன்னையே சரி பண்ணவராச்சே. மலர்கொடி போன் நம்பர குடு."

இல்லை, பொய் சொன்னேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் மிச்சமிருக்கிறதும் போய்விடும். நம்பரைச் சொன்னாள்.

அவன் சென்னை போய்விட்டு நிமிர்ந்த முதுகோடு உப்பளத்துக்கு வந்தான். வரப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தவளைப் பார்த்து, "இன்னாமே நிக்கிற? தூக்கு கூடைய" என்றான்.