வாழையிலைக்கு எங்கே போவது?

போன ஞாயிற்றுக்கிழமை நானும் சிவராசாவும் மழைக்காட்டுக்குப் போனோம். எங்கே என்று கேட்கிறீர்களா? இங்கேதான், சுவிஸில் — ஒரு தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே சட்டை நனைய வியர்க்கிறது!

சிவராசா, வின்டர்தூரில் எங்கள் அகதிகள் விடுதியில் பக்கத்து அறைக்காரன். ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான். யாழ்ப்பாணத்தில் அவனுடைய அம்மா காலமாகிவிட்டார். மூத்த மகன்... ஆனால் கொள்ளி வைக்கப் போனால் திரும்பி வர முடியாது. சித்தப்பா வைத்தார்.

"எட்டுச் செலவாவது நான் செய்யோணும் அண்ணை," என்றான்.

எட்டாம் நாள் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் படைக்க வேண்டும். சோறும் மீன் குழம்பும் தயார். இலை? ஆல்ப்ஸ் மலையில் வாழை முளைக்குமா?

"பீங்கானில படைச்சா என்ன?" என்றேன்.

"நாள் முழுக்க நான் கழுவுறது பீங்கான்தான் அண்ணை. அம்மாவுக்கும் அதிலயோ?"

டிபன் கரியரையும் தூக்கிக்கொண்டு மழைக்காட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

அங்கே வாழை நின்றது. வெட்டிப் போட்ட இலையொன்று ஓரமாகக் கிடந்தது. களவெடுக்கவில்லை, நம்புங்கள்.

சற்றுத் தள்ளி, மரத்தால் கட்டிய ஒரு நீள வீடு. போர்னியோவில் இபான் மக்கள் இப்படித்தான் வாழ்கிறார்களாம். கண்காட்சிக்காக அதில் ஒரு பகுதியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு விறாந்தை. ஒரு கதவுக்குள் சாவு விழுந்தால் வீடு முழுக்க மேளம் அடங்கிவிடுமாம். பலகையில் இருந்ததை வாசித்துச் சொன்னேன்.

எங்கள் விடுதியும் நீளம்தான், கதவுகளும் வரிசைதான். அவனுக்குச் செய்தி வந்த அன்று எதிர் அறையில் டிஸ்கோப் பாட்டு நிற்கவே இல்லை. யாரைக் குறை சொல்வது? அந்த அறைக்காரர்களுக்கு நம் பாஷை தெரியாது.

விறாந்தைப் பாயில் ஒரு படையல் — மெழுகில் செய்த சோறும் முட்டையும். அதைக் கண்டதும் சிவராசா சப்பாத்தைக் கழற்றினான்.

"இவையளும் படைக்கினம் அண்ணை. இஞ்ச வைக்கலாம்."

நான் தடுக்குமுன் இலையை விரித்துச் சோற்றைப் போட்டுவிட்டான். மீன் குழம்பு மணத்துக்குக் காவலாளி வராமல் இருப்பாரா? வந்தார். இங்கே சாப்பிடக் கூடாது என்று ஜெர்மனில் சத்தம் போட்டார்.

சிவராசா கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"சொல்லுங்கோ அண்ணை... நாங்கள் சாப்பிடேல்லை. அம்மா சாப்பிடுறா."

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அப்படியே சொன்னேன். அவர் இலையைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார் — "அம்மா எங்கே?"

பொலிஸ், டாக்டர், பெர்மிட் ஆபீஸ்... விடுதியில் எல்லாருக்கும் மொழிபெயர்ப்பது நான்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு கேள்வியை மொழிபெயர்க்காமல் விட்டேன்.

"என்னவாம் அண்ணை?" என்றான் சிவராசா.

"அம்மா ஆறுதலாச் சாப்பிடட்டாம்," என்றேன்.