சித்தியின் சங்கடம்

எங்கள் சித்தப்பா கால் முறிந்து எங்கள் ஊரான தென்காசியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். கால் கூடியதும், அங்கே நர்ஸாக இருந்த புனலூர் மலையாளப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. காலை ஒடித்துக்கொண்டால் ஒரு சித்தி கிடைப்பாள் என்பது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

சித்தி தமிழ் நன்றாகவே பேசுவாள். அதனால் அவள் பேசுவதெல்லாம் தமிழ்தான் என்று நாங்கள் நம்பிவிட்டோம். வந்து இரண்டு வாரம் இருக்கும். துணி துவைத்துக்கொண்டிருந்தவளின் முகம் வாடியிருந்ததைப் பார்த்து அம்மா என்னவென்று கேட்டாள்.

"ரொம்பச் சங்கடமா இருக்குக்கா" என்றாள் சித்தி.

வீட்டில் இருந்தது ஒரே குளியலறை. அதற்குத் தாழ்ப்பாள் சரியில்லை. புதிதாக வந்த பெண்ணுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும் என்று அப்பா மறுநாளே தச்சரை வரவழைத்துப் புதுக் கதவு போட்டார். பிறகு சித்தப்பா கேட்டபோதும் சித்தி அதையேதான் சொன்னாள். அவர் வயிற்றுக் கோளாறு என்று எண்ணி சோடா வாங்கி வந்தார். சித்தி அதைக் குடித்துவிட்டு அழுதாள்.

மூன்றாவது முறை அதே சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புதுக் கதவு போட்டும் அவங்களுக்குச் சங்கடமாம்லா. நம்ம வீடு ஒத்துக்கலன்னா தனியாப் போகட்டும்."

சித்தப்பா சுரண்டையில் வாடகை வீடு பார்க்க ஆரம்பித்தார். சித்தி போய்விட்டால் இனி யார் எனக்கு இரட்டைச் சடை பின்னுவார்கள் என்று நான் கவலைப்பட்டேன்.

சாரல் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னை ஐந்தருவிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு மலையாளக் குடும்பம். அவர்களுடைய சின்னப் பெண்ணின் செருப்பு ஒன்று தண்ணீரோடு போய்விட, அவள் ஓவென்று அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்ட தாய், "சங்கடப்படண்ட மோளே" என்று முதுகைத் தடவினாள்.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அழுகைதானே வருகிறது, இதில் சங்கடம் எங்கே வந்தது என்று சித்தியிடம் கேட்டேன்.

"அழுகை வர்றதுதான சங்கடம்? நீங்க வேற எதைச் சொல்லுவீங்க?"

"பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லன்னா சொல்லுவோம்."

சித்தி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்தக் கதவு?" என்று கேட்டாள். அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சித்தியிடம் போனாள்.

"ஏட்டி, அழுகையா வருதுன்னு சொல்லியிருந்தா எனக்குப் புரியாதா? யாரை நினைச்சு அழுத?"

கல்யாணம் ஆனதிலிருந்து சித்தியின் அம்மா போனை எடுக்கவில்லையாம். சித்தப்பா வருத்தப்படுவாரே என்று அவரிடமும் சொல்லாமல், தினமும் காலையில் மொட்டை மாடியில் நின்று போன் போட்டு, மணி அடித்து ஓய்வதைக் கேட்டுவிட்டு இறங்கி வருவாளாம். மறுநாள் காலையில் அம்மா, சித்தி, நான் மூன்று பேரும் புனலூர் பஸ்ஸில் இருந்தோம்.

கதவைத் திறந்த சித்தியின் அம்மா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் வராந்தாவிலேயே நின்றோம். அம்மா உள்ளே கேட்கும்படி, "உங்களை நினைச்சு உங்க பிள்ளை தினமும் சங்கடப்பட்டுட்டிருக்கா" என்றாள். உள்ளே அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சித்தியின் அம்மா பால் விடாத கட்டன்சாயாவோடு வந்தாள். மகளிடம் தம்ளரை நீட்டியவள், அதை வாங்கிய கையை விடவே இல்லை. இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று சித்தியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். சுரண்டை வீட்டுப் பேச்சு அதோடு நின்றுபோனது.

தென்காசியில் இறங்கி நான் வீட்டுப் பக்கம் நடக்க, அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புளியங்குடி பஸ்ஸில் ஏறினாள். எதற்கென்று கேட்டால், "சும்மா வா" என்றாள். அங்கே ஒரு வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைக் கண்டதும் அப்படியே எழுந்து நின்றார். அம்மா "அண்ணே" என்றாள்.

அம்மாவின் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுவரை அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே இல்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் நினைத்தது, அம்மாவுக்கும் என்னைப் போலவே பஸ்ஸில் போவது ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனால்தான் இன்னொன்றிலும் ஏறினோம் என்று.