சின்னையாவின் கெண்டைக்காலும் என் கரண்டுப் பெட்டியும்

அடுத்தவர் காலில் கரண்டு வைத்துப் பிழைக்கிறவனுக்குத் திட்டு நிச்சயம், நன்றி சந்தேகம். டிஸ்பென்சரி, மருந்துக்கடை, பல் பிடுங்குகிற இடம் என்று எங்கேயாவது நின்று அடுத்தவர் வலியில் சோறு தின்றவராக நீங்கள் இருந்தால், நான் சொல்வதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

மலாய் நாட்டில் ஜப்பான்காரன் காலம். நான் டிரெசராக, அதாவது கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவனாக, இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். காஜா பேராங் என்ற இடத்தில் ஒரு வீட்டு முன்னறையைப் பிடித்து உட்கார்ந்தேன். மருந்து என்று ஒன்றும் கிடையாது. தோட்டத்து வெள்ளைக்கார டாக்டர் ஓடும்போது விட்டுப்போன ஒரு மரப்பெட்டிதான் இருந்தது. பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் கரண்டு. இரண்டு கம்பி, நுனியில் பித்தளைத் தகடு. தகட்டை உப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றிக் கெண்டைக்காலில் கட்டி, கைப்பிடியைச் சுற்றினால் சதை தானாக இழுத்து இழுத்து விடும். ரத்த ஓட்டம் குறைந்துபோன காலுக்கு அது ஒரு வேலை கொடுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நடை கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் இந்த வைத்தியம் கேட்கவில்லை. சிலருக்குக் கேட்டது.

இதில் ஒரு வில்லங்கம். அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழன் என்றால் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். நடக்கிறவனை லாரியில் ஏற்றுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததாக எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படவில்லை. நானோ நடக்கவைக்கிற தொழிலில் இருந்தேன். என் தலையெழுத்தைப் பாருங்கள்!

சுற்றுகிற கை

நான் ஒற்றை ஆள். தகட்டைப் பிடிப்பேனா, கைப்பிடியைச் சுற்றுவேனா? அதனால் நோயாளியோடு வருகிறவர்தான் சுற்ற வேண்டும் என்று வைத்திருந்தேன். மெதுவாகச் சுற்றினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். வேகமாகச் சுற்றினால் ஆளைத் தூக்கிப் போடும்.

சின்னையா மாட்டுவண்டிக்காரர். செங் என்ற ஊர்ப் பக்கமிருந்து விறகு ஏற்றி வருவார். நாற்பது வயதுகூட ஆகவில்லை, நாலு வீடு தாண்டினால் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நின்றால் விடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். பாதம் எப்போதும் சில்லென்று வெளுத்துக் கிடக்கும். மேடு வந்தால் வண்டிக்காரன் இறங்கி மாட்டோடு நடந்தாக வேண்டும், நடை போனால் அவர் பிழைப்பும் போச்சு. சம்சாரம் அஞ்சலையோடு வந்தார். அந்தம்மா கையில் கைப்பிடியைக் கொடுத்தேன். முதலில் ஒழுங்காகத்தான் சுற்றினார். திடீரென்று சின்னையா “ஐயோ!” என்று பெஞ்சோடு எகிறினார். “இந்தாம்மா, மெதுவா, மெதுவா!” என்று நான் கத்துகிறேன், வேகம் இன்னும் கூடுகிறது. சங்கதி என்னவென்றால், ஊரில் துணிக்கே பஞ்சமாக இருந்த நேரத்தில் அந்தம்மாவின் ஒரே நல்ல சேலையைக் காணோம். மனிதர் அதைக் கொடுத்துப் புகையிலை வாங்கிவிட்டார் என்று சந்தேகம். நான் தடுக்கப் போனதற்கு எனக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

“சேல எங்கன்னு வாயத் தொறக்கச் சொல்லுங்க டிரெசரய்யா, தன்னால மெதுவா சுத்துறேன்.”

புகை

இந்த வியாதிக்குப் புகைதான் முதல் எதிரி. நான் ஒரு பக்கம் ரத்தத்தைக் கீழே இறக்கப் பார்க்கிறேன், சின்னையா ஊதி ஊதி ரத்தக் குழாயை அடைக்கிறார். சொன்னேன், கெஞ்சினேன், திட்டினேன். “உங்க மேல சத்தியமா விட்டுட்டேங்க” என்றார். என் மேல் எதற்கய்யா சத்தியம்?

மறுநாள் வாசலில் புகை நாற்றம் குடலைப் பிடுங்கியது. எட்டிப் பார்த்தால், உப்புத்தண்ணீர்த் தொட்டியில் காலை ஊறப் போட்டபடி மனிதர் ஆனந்தமாக இழுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த துணியை அவர் முகத்திலேயே எறிந்தேன். அவர் அதை நிதானமாக எடுத்து மடித்துப் பெஞ்சில் வைத்தார்.

“கோவப்படாதீங்கய்யா, நீங்க சொன்னது பொகையில. இது பப்பாளி எல.”

லண்டன் செய்தி

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கிராணி இருந்தார். தோட்டத்துக் கணக்கு வேலையெல்லாம் போய்ச் சும்மா இருந்தவர். ஒருநாள் நொண்டிக்கொண்டே வந்தார். காலைத் தொட்டுப் பார்த்தால் சுடச்சுட இருக்கிறது, நாடி குதிக்கிறது. எனக்கே அப்படி ஒரு கால் கிடையாது. “எங்கே வலிக்குது?” என்றால் ஒருநாள் முழங்கால், ஒருநாள் குதிகால். வலியே இல்லாத மனிதர் தினமும் முதல் ஆளாக வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வெளிநாட்டு ரேடியோ கேட்டால் தலை போகிற காலம். நான் வைத்தியம் என்ற பெயரில் கள்ள ரேடியோ வைத்திருப்பதாக இவர் முடிவு கட்டியிருக்கிறார்! கதவைச் சாத்தி, பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற காந்தத்தையும் கம்பிச் சுருளையும் காட்டி, “ஐயா, இது வெறும் கரண்டு, இதில் யாரும் பேசமாட்டான்” என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் என் பக்கம் குனிந்து, கண்ணைச் சிமிட்டினார்.

“புரியுது டிரெசரே, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். லண்டன்காரன் எத்தன மணிக்குப் பேசுவான்?”

யார் குணப்படுத்தியது

கம்போங் செட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். எல்லாரும் பீபி என்று கூப்பிடுவார்கள். அந்தச் செட்டி மக்கள் நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், பேச்சு மட்டும் மலாய். மாரியம்மனையே டத்தோ என்பார்கள். பீபி வந்தவுடன் என் பெட்டிக்குச் சாம்பிராணி போடுவார். புகை அறையை நிறைக்கும், நான் இருமிச் சாவேன். அது முடிந்துதான் காலை நீட்டுவார்.

கோவில் வரைக்கும்கூட நடக்க முடியாமல் இருந்தவர், மழைக்காலம் முடிவதற்குள் ஒருநாள் யார் துணையும் இல்லாமல் நடந்து வந்து என் வாசலில் நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை கிடைக்கப்போகிறது என்று எழுந்தே நின்றுவிட்டேன். காப்பாற்றியது டத்தோவாம், என் பெட்டி வலியை மட்டும்தான் கொடுத்ததாம். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“டத்தோ தோலோங். லு புன்யா கோத்தாக் பிக்கின் சாக்கிட் சாஜா.”

பாதி குணம்

சின்னையாவுக்கும் கேட்க ஆரம்பித்தது. நாலு வீட்டில் நின்றவர் தெருமுனை வரைக்கும் போனார். அப்புறம் அதையும் தாண்டிப் போனார். நான் குதித்தேன். அஞ்சலை மட்டும் ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைப்பிடியை ஒப்புக்குச் சுற்றினார். “என்னம்மா, சோறு தின்னலையா? நல்லாச் சுத்துங்க!” என்று அதட்டினேன்.

சின்னையா வெளியே போனதும் அந்தம்மா என்னிடம் வந்தார். அவர் தம்பியை ஏற்கெனவே சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கங்காணி ஒருவன் ஜப்பான்காரனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தபோது, சின்னையா வாசலில் கால் பிடித்து உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் விட்டுப் போனானாம். எத்தனையோ நோயாளிகள் என்னிடம் சீக்கிரம் குணமாக்கு என்று சண்டை போட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

“கட வரைக்கும் நடந்தாப் போதும் டிரெசரய்யா, ரயில் ஸ்டேசன் வரைக்கும் வேணாம்.”

செத்த தவளை

அந்தக் கங்காணி வந்தேவிட்டான். சின்னையா நடப்பதை யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு ஜப்பான் சார்ஜன்ட். பெஞ்சில் பீபியும் கிராணியும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள், எல்லாரும் எழுந்து குனிந்தோம். சின்னையாவால் எழ முடியவில்லை, காலில் தகடு கட்டியிருந்தது. “இவன் கால் தேறிடுச்சாமே?” என்றான் கங்காணி. அஞ்சலையின் கை கைப்பிடியிலேயே விறைத்துப் போயிருந்தது. சார்ஜன்ட் அந்தம்மாவை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு சுற்றுச் சுற்றினான். கால் எகிறி உதைத்தது. “பாருங்க, குதிரை மாதிரி உதைக்கிறான்!” என்று கங்காணிக்கு வாயெல்லாம் பல்.

சார்ஜன்டுக்குப் புரியட்டும் என்று மலாயில் சொன்னேன், மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரித் தமிழிலும் கத்தினேன். “இது இவன் உதைக்கிறது இல்ல, கரண்டு உதைக்குது. செத்த தவளைக் காலில் கட்டினாலும் இப்படித்தான் துள்ளும். இந்தக் கால் தேறாது. பாதி வழியில் நீங்கதான் இவனைத் தூக்கிச் சுமக்கணும்.” “அப்போ இந்தப் பெட்டி எதுக்கு?” என்றான் கங்காணி. “எதுக்கும் இல்ல. நான் பொழைக்கிறதுக்கு ஏமாத்து வேலை.” என் நோயாளிகள் முன்னால் அதைச் சொன்னபோது நெஞ்சு எரிந்தது. சார்ஜன்ட் குனிந்து சின்னையாவின் பாதத்தைத் தொட்டான். அது வழக்கம்போலச் சில்லென்று இருந்தது. பிணத்தைத் தொட்டவன் மாதிரிக் கையை உதறிவிட்டு, கங்காணியை “பாகேரோ!” என்று திட்டிக்கொண்டே போய்விட்டான்.

அஞ்சலை தரையில் உட்கார்ந்து, என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். சின்னையா தகட்டைத் தானே அவிழ்த்து என் மேஜை மேல் விட்டெறிந்தார்.

“செத்த தவளக்கித்தான் ஆகும்னு தெரிஞ்சேவா இத்தன நாளு என்னைய அலற விட்டீங்க? நீங்கள்லாம் ஒரு டிரெசரா?”

ஜப்பான்காரன் போன பிறகு அவர் காஜா பேராங்கிலிருந்து தெங்கேரா வரைக்கும் சொந்தக் காலில் நடந்து போய், என் பெட்டி எதற்கும் உதவாது என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிவிட்டு, நடந்தே திரும்பி வந்தார்.