மச்சானுக்கு மறுத்த பால்

போன வாரம் வண்டியூரில் ஒரு பால்தெளிக்குப் போய்வந்தேன். இறந்தவர் வேறு யாருமில்லை, என் அக்காள் பேச்சியின் வீட்டுக்காரர், மச்சான் முத்திருளப்பன்.

சுடுகாட்டில் சாம்பல் மேல் ஆளுக்கொரு கை பால் தெளித்தோம். செம்பு நிறைய எருமைப் பால், நுரை கூட அடங்கவில்லை. மச்சானுடைய சொந்த எருமையில் கறந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏன் என்கிறீர்களா? இந்தப் பாலுக்காகத்தான் அந்த மனுஷன் மாதக்கணக்கில் கெஞ்சினார்... கொடுக்கவில்லை.

வாராவாரம் வம்பளந்து உங்களைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறவன் நான். இந்த வாரம் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்குத் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எருமைக் கொட்டில். கீழவாசல் காபி கிளப்புகளுக்கெல்லாம் அவர்தான் பால் ஊற்றினார். பாலில் தண்ணீர் என்று எவனாவது வாயைத் திறந்தால் மறுநாள் அந்தக் கடைக்குப் பால் கிடையாது. அப்படி ஒரு ரோஷக்காரர். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று — புகையிலை. தூங்கும்போதுகூடக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் தூங்குவார்.

நாக்கோரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புற்றுநோய் என்றார்.

“மதராஸுக்குப் போனால் ரேடியம் வைத்து வைத்தியம் பார்க்கலாம். ஆனால் இந்த உடம்பு தாங்காது. முதலில் தேற்றிக்கொண்டு வாருங்கள். பால், மோர், கஞ்சி, முட்டை... எது உள்ளே இறங்குகிறதோ, அதைக் கொடுங்கள்.”

சுலபமான காரியம்தானே? வீடு நிறையப் பால். குடிக்கவேண்டியது, தேறவேண்டியது, ரயில் ஏறவேண்டியது. அப்படித்தான் நானும் நினைத்தேன்.

நம்மூரில் ஒரு வழக்கம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? நோயாளியைப் பார்க்க வருகிறவர் சும்மா வரமாட்டார், பழம் வாங்கி வருவார். சும்மா போகவும் மாட்டார் — ஒரு பத்தியம் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருவர் வந்து முட்டையை நிறுத்தினார். இன்னொருவர் மோரை நிறுத்தினார், குளிர்ச்சியாம். கடைசியில் கொட்டாம்பட்டியிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கினார் மச்சானின் கூடப்பிறந்த அக்காள் ஒச்சம்மாள்.

“ஏன்டி பேச்சி, உனக்குப் புத்தி இருக்கா? புண்ணு இருக்கிற வாயில பாலை ஊத்துனா சீழு கோக்காதா? புருசன வளக்கிறியா, கட்டிய வளக்கிறியா?”

முடிந்தது கதை. அன்றைக்கே பால் நின்றது. கேழ்வரகுக் கூழும் கஷாயமும்தான். கூழ் புண்ணில் பட்டால் மனுஷன் துடித்துப்போவார்.

நான் என் அக்காளிடம் சண்டை போட்டேன். “டாக்டரே குடுக்கச் சொல்றாருக்கா!”

“டாக்டரு சொல்லிட்டுப் போயிருவாரு தம்பி. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, நீதானடி குடுத்தேன்னு என்னையத்தான சொல்லுவாக?”

அக்காளுக்குப் புருஷன் மேல் உயிர். அதனால்தான் அவ்வளவு பயம்.

மச்சான் மட்டும் நான் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார். “மாப்ள... ஊருக்கே ஊத்துனேன். எனக்கு ஒரு டம்ளருக்கு வழியில்லையாடா?” கொட்டிலில் கறக்கும் சத்தம் கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஆள் இளைத்துக்கொண்டே போனார். மதராஸ் பயணமும் தள்ளிக்கொண்டே போனது.

கடைசியில் ஒருநாள் அக்காளை வம்படியாக டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். “பால் குடித்தால் இந்த நோய் வளரும் என்று நான் படித்ததில்லை அம்மா. தீரும் என்றும் படித்ததில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு எதையாவது கொடுங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள்.”

அக்காள் வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பாலைக் காய்ச்சினாள். ரேஷனில் வாங்கிப் பொத்திவைத்திருந்த சீனியை அள்ளிப் போட்டு ஆற்றினாள். ஆனால் டம்ளரை வைத்துக் குடிக்க மச்சானுக்கு அதற்குள் வாய் திறக்காமல் போயிருந்தது. என்ன செய்வாள்? பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கைத் தேடி எடுத்தாள்.

அக்காள் பால் கொடுக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் இருந்த அத்தனை பேரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒச்சம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தலைமாட்டில் நின்றார். அக்காள் மச்சானின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அழுது சிவந்த கண், கையில் சங்கு, சங்கில் பால்.

மச்சான் கண்ணைத் திறந்தார். சங்கைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“என்ன பேச்சி... நேரமாயிருச்சா?”

சாகப்போகிறவர் வாயில் சொந்தபந்தம் கூடிநின்று ஊற்றுகிற கடைசிப் பால் — அது என்று நினைத்துவிட்டார்! நினைக்காமல் என்ன செய்வார்? அத்தனை மாதம் கெஞ்சியும் கிடைக்காத பால், கேட்காமலே வருகிறதே!

“ஐயோ மச்சான், இது அது இல்ல! உடம்பு தேறுறதுக்கு டாக்டர் குடுக்கச் சொன்ன பாலு!” என்று கத்தினேன். அக்காள் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

மச்சான் லேசாகச் சிரித்தார். “எனக்குத் தெரியாதா மாப்ள? எம்புட்டுப் பேருக்கு நான் ஊத்தியிருக்கேன்.”

பெண்டாட்டி மனம் நோகக்கூடாது என்று, கொடுத்ததைக் குடித்தார். பாதி கடைவாயில் வழிந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. பால் வேண்டுமா என்றால், “போதும்.” மதராஸ் போவோமா என்றால், “போதும் மாப்ள.” அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார்.

பால்தெளி முடிந்து வீடு திரும்பினோம். ஒச்சம்மாள் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் — “நான் அப்பவே சொன்னேன். பேச்சி பாலக் குடுத்தா, என் தம்பி போயிட்டான்.” அக்காள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டாள்.

“தம்பி... பாலைக் குடுத்தது தப்பா, குடுக்காதது தப்பா?”

எழுதிப் பிழைக்கிறவன் நான். அவளிடம் சொல்லவேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பால் குடித்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. பொல்லாத நோய் அது, பொய் சொல்ல மாட்டேன். ஒருவேளை மதராஸுக்கு ரயில் ஏறியிருப்பார்... அதுவும் இல்லையென்றால், தான் வளர்த்த எருமையின் பாலைப் பயமில்லாமல் ருசித்தாவது குடித்திருப்பார். அதுகூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

உங்கள் வீட்டில் யாராவது இந்த நோயில் படுத்திருக்கிறார்களா? பார்க்க வந்தவர்களைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். அவர் பால் கொடுக்கச் சொன்னால் இன்றைக்கே கொடுங்கள்.

டம்ளரில் கொடுக்க முடிகிறபோதே கொடுத்துவிடுங்கள்.