வரிக்கு நன்றி சொன்னவர்கள்

போன வருடம் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை வருவதுபோல் மூடிக்கொண்டு, வராமலேயே இருந்து, சட்டையை முதுகோடு ஒட்டவைத்த புழுக்கம். டோல்கேட்டில் பேருந்துக்கு நின்றிருந்தேன். எதிரே இருபதடி அகலத்தில் ஒரு பேனர். நடுவில் தலைவர், பக்கத்தில் எங்கள் பகுதிப் பிரமுகர், அடியில் தபால்தலை அளவில் பதினாறு முகங்கள். ‘வெளிநாட்டு ஸ்டீலுக்கு வரி போட்டு எங்கள் தொழிலைக் காத்தவருக்கு நன்றி.’ இடமிருந்து ஏழாவது முகம் என் தங்கை கணவர். கறுப்புக் கண்ணாடி வேறு.

அவருக்குக் காலடிப்பேட்டையில் பட்டறை. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் செய்கிறார். மூன்று இயந்திரங்கள், எட்டுப் பெண்கள். நாருக்கு வேண்டிய மெல்லிய கம்பி கப்பலில் எண்ணூருக்கு வரும். யானைக்கவுனி வியாபாரி ஒருவர் அதை எடுத்து இவருக்குக் கொடுப்பார். அதாவது, இவர் பதினோரு வருடமாகச் சுருட்டி விற்றுப் பிழைப்பதே வெளிநாட்டுக் கம்பியைத்தான். அதற்கு வரி போட்டதற்குத்தான் நடுத்தெருவில் நின்று நன்றி சொல்கிறார்.

இப்படி ஒரு காரியம் எங்கள் பக்கத்தில்தான் நடக்கும். பட்டறைக்காரர்களின் சங்கம் கேட்டது வெளிநாட்டிலிருந்து வரும் நாருக்கு வரி. எங்கோ ஒரு பெரிய ஆலை முதலாளி கேட்டது கம்பிக்கு வரி. யார் கேட்டது கிடைக்கும் என்று சொல்லவா வேண்டும்? தொலைக்காட்சியில் ‘ஸ்டீல்’, ‘வரி’ என்று இரண்டு சொற்கள் காதில் விழுந்ததும், எதிர்கோஷ்டி முந்திக்கொள்வதற்குள் பேனர் வைத்துவிட வேண்டுமென்று சாயங்காலமே பிரிண்டர் கடைக்கு ஓடிவிட்டார்கள். எந்தச் செய்திக்கும் இங்கே முதலில் பேனர், படிப்பது பிறகு.

நேரே பட்டறைக்குப் போனேன்.

“வா மச்சான். பேனர் பாத்தியா? ஃபோட்டோ எப்டி கீது?”

“ஃபோட்டோவுக்கு இன்னா, ஜோராத்தான் கீது. வரி எதுக்குன்னு பாத்தியா மாப்ள?”

“நாருக்கு. இனிமே வெளிநாட்டான் பாச்சா இங்க பலிக்காது.”

“நாருக்கு இல்ல. கம்பிக்கு. நீ வாங்கற கம்பிக்கு.”

நார் சுருட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். “அய்ய, நமக்கு நாமளே ஆப்பு வெச்சிகினமா அண்ணே?”

“நீ கம்முனு வேலையப் பாரு,” என்றார். ஆனால் கை யானைக்கவுனிக்குப் போன் போட்டுவிட்டது. கிலோவுக்கு முப்பத்தெட்டு ரூபாய் ஏற்றம் என்றார் வியாபாரி. பட்டறையின் ஒரே பெரிய ஆர்டர் கொழும்புக்குப் போக வேண்டியது. விலை முந்தின மாதமே பேசி முடித்தது. பழைய விலைக்கு அனுப்பினால் கைப்பணம் போகும். அனுப்பாவிட்டால் கொழும்புக்காரர் போவார், அவரோடு பட்டறையும் போகும்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தருகே, சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இறக்குமதி வரியை எந்த வெளிநாட்டுக்காரனும் கட்டி நான் பார்த்ததில்லை. வரி கட்டும் செலான் இங்கே வாங்குகிறவன் பெயரில்தான் வரும். தங்கை கணவரோடு போய் இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது “நாட்டுப்பற்று இல்லாத கிழவன்” என்றார்கள். கம்பியை எங்கே மலிவோ அங்கே வாங்கி, எட்டுப் பெண்களின் கைவேலையைச் சேர்த்து, கொழும்பில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு விற்பதில் எந்த நாடு என்ன கெட்டது? மூன்று ஊரில் அடுப்பெரிந்தது. இப்போது ஆலை முதலாளி ஒருவர் வீட்டில் மட்டும் எரிகிறது. வெளிநாட்டு நாரோ, வரியில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது.

பிரமுகரைப் பார்க்கலாம் என்றார் தங்கை கணவர். வர மாட்டேன் என்றேன். தங்கை முகத்தைப் பார்த்துப் போனேன். பிரமுகர் வீட்டு வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றோம். நாற்காலிகள் இருந்தன, எங்களுக்கில்லை. விவரத்தைச் சொன்னதும் பிரமுகர் வாய்விட்டுச் சிரித்தார்.

“யோவ், நன்றின்னு பேனர் வெச்சதே நீங்கதானய்யா? அதுல உன் மூஞ்சி கீது, என் மூஞ்சி கீது. தலைவரு பாத்து குஷியாயிட்டாரு. இப்ப போயி வரிய எடுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு கேக்கறது?”

சரக்கு தடையில்லாமல் வந்து போன வரைக்கும், இந்த ஆளின் வீடு எந்தத் தெரு என்றுகூட என் தங்கை கணவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. கப்பல் வந்தது, காசு கொடுத்தார், கம்பி வாங்கினார். தடையற்ற வணிகத்தின் அரசியல் லாபம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: ஒரு மனிதன் இன்னொருவன் வராந்தாவில் நிற்காமல் பிழைக்கலாம். வரி வந்ததும் வராந்தாவும் வந்துவிடுகிறது. இவர்கள் அதைக் காசு போட்டு, தங்கள் படத்தோடு வரவேற்கிறார்கள்.

வெளியே வந்ததும், “ஆர்டரே வோணாம்னு சொல்லிடறேன் மச்சான்,” என்றார்.

“சொல்லு. பட்டறைய மூடிட்டு இன்னா பண்ணுவ? டெய்லி டோல்கேட்ல போயி உன் மூஞ்சியப் பாத்துகினு நிப்பியா?”

தங்கைதான் ராத்திரி போன் செய்தாள். “அண்ணா, இந்த ஒரு லோடு போய்ட்டா போதும். அடுத்த தடவ வெல ஏத்திக் கேக்கலாம்.”

மறுநாள் வங்கிக்குப் போய், கம்பியின் ஏறிய விலையைக் கட்ட என் வைப்புத்தொகையை உடைத்தேன். கம்பி வந்தது, நார் போனது. கொழும்புக்காரர் அடுத்த முறைக்குப் புதுவிலையை ஒப்புக்கொண்டார், ஆனால் பாதி அளவுக்கு. எட்டுப் பெண்களில் மூன்று பேரை நிறுத்தவேண்டியதாயிற்று. சிரித்தவளும் அதில் ஒருத்தி. சங்கத்தில் எவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்து எதற்கு வரி கேட்கலாம் என்று கூட்டம் போட்டிருந்தார்கள்.

அந்த லோடுக்கு வாங்கிய ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ கம்பிக்கு, ஏற்றம் கிலோ முப்பத்தெட்டு வீதம், எழுபத்திரண்டாயிரத்து இருநூறு. தவணைக்கு முன்பே உடைத்ததற்கு வங்கி பிடித்துக்கொண்டது ஆயிரத்து நூற்று நாற்பது. ஆக மொத்தம், எழுபத்து மூன்றாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.