அறுந்த பெல்ட்

இரும்பில் இரும்பு மோதிய சத்தம் கேட்டுப் புல்வெளிக்கு ஓடினேன். புல்வெட்டும் வண்டி நின்றுபோயிருந்தது. அக்கா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சாமியானாவுக்கு நட்டிருந்த சவுக்குக் கம்பத்தில் பிளேடின் உடைந்த துண்டு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் தன் வயிற்றைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூருக்கு வெளியே, வெண்ணாற்றங்கரையில் இருந்த விடுதி அது. வெளிநாட்டுப் பணம் எங்கள் பக்கம் தாராளமாகப் புழங்க ஆரம்பித்த காலம். நெல்வயலை மேடாக்கிப் புல் பதித்து, கல்யாண வரவேற்புகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். சிங்கப்பூரில் சாலையோரப் புல் வெட்டிவிட்டுப் பூதலூருக்குத் திரும்பியிருந்த என்னை, மெஷினைப் பார்த்துக்கொள்ள எடுத்தார்கள். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி. அதன் வயிற்றுக்கடியில், கவிழ்த்த தாம்பாளம் போல, ஒரு பெரிய இரும்புத் தட்டு தொங்கும். அதற்குள் மூன்று பிளேடுகள் ஒரு ரப்பர் பெல்ட்டின் இழுப்பில் சுழலும்.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் எனக்குச் சொந்தமில்லை. விடுதி வருவதற்கு முன்பு அதே வயலில் அவர் குடும்பம் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தது. வயல் போனபின் அவர் அங்கேயே களை பறிக்கச் சேர்ந்தார். வண்டி ஓட்டியவன் மலேசியாவுக்குப் போய்விட, வேறு ஆள் கிடைக்காமல் மேனேஜர் திண்டாடியபோது, "நான் ஓட்டுறேன் சார்" என்று ஏறி உட்கார்ந்தார். அவர் ஓட்டினால் கோடு பிசகாது.

முதலில் சாவியை எடுத்தேன். பிளக் வயரையும் கழற்றினேன். கை உள்ளே இருக்கும்போது யாராவது வண்டியைக் கிளப்பினால் விரல் மிஞ்சாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தட்டை வெளியே இழுத்துப் புரட்டிப் போட்டேன். மழைக்காலத்தில் புல்லோடு தவளையும் ஓணானும் அரைபட்டு, தட்டின் உள்புறம் வறட்டி மாதிரி அப்பிக்கிடக்கும். அன்றைக்கும் ரத்தக் கவிச்சி அடித்தது. கொத்துக்கரண்டியால் சுரண்டியதும் சேதம் தெரிந்தது. நடு பிளேடு பாதியில் முறிந்திருந்தது, அதைத் தாங்கும் தண்டு வளைந்திருந்தது, பெல்ட் அறுந்திருந்தது. பெல்ட்டை உருவிப் புல்லில் போட்டேன்.

வண்டி மோதியது ஓர் இரும்பு முளையில். சாமியானாக் கயிறு கட்டுவதற்காக அன்று காலையில் மேனேஜர்தான் அடிக்கச் சொல்லியிருந்தான். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் வந்தான். "எவடி வண்டிய ஒடச்சது?"

"புல்லுக்குள்ள முளை அடிச்சிருக்காங்க சார். எனக்குத் தெரியாது."

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? களை புடுங்குறவள சீட்டுல ஏத்துனேன் பாரு, என்னச் சொல்லணும்."

குனிந்து அறுந்த பெல்ட்டை எடுத்தான். முதல் அடி அக்காவின் முதுகில் விழுந்தது. இரண்டாவது கழுத்தைச் சுற்றிக்கொண்டு, இழுத்தபோது தோலையும் கொண்டுபோனது. மூன்றாவதை அவர் கையால் பிடித்துவிட்டார்.

"இதே வயல்ல எங்கப்பாவ இப்புடித்தான் அடிச்சாங்க. அது அவரோட முடிஞ்சுபோச்சு. வுடுங்க சார்."

அவன் இழுத்தான். அவர் விடவில்லை. அடிவயிற்றில் எட்டி உதைத்தான். பெல்ட்டோடு விழுந்தார்.

பக்கத்து பிளேடைக் கழற்றக் குத்தவைத்திருந்த நான், கையிலிருந்த ஸ்பானரால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தேன். கால் மடங்கி, புரட்டிப் போட்டிருந்த தட்டின் மேலேயே விழுந்தான். நான் தீட்டி வைத்திருந்த பிளேடு அவன் கன்னத்தைக் காதுவரை கிழித்தது. பல் தெரிந்தது. பதறினேன் என்று எழுதினால் பொய். இன்னொரு முறை ஓங்கினேன்.

அதற்குள் இரண்டு காவலாளிகள் தடிகளோடு வந்துவிட்டார்கள். முதல் அடியிலேயே என் இடது கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தேன். விலாவில் மிதித்தார்கள். எப்போது எழுந்தாரோ தெரியாது, அக்கா கொத்துக்கரண்டியை ஓங்கிக்கொண்டு என் தலைமாட்டில் நின்றார்.

"இன்னொரு அடி உழுந்துச்சு, குத்திப்புடுவேன்."

அவர் முகத்தைப் பார்த்து இருவரும் பின்வாங்கினார்கள்.

முதலாளி காரில் வந்து மேனேஜரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு பாதி வெட்டிய புல்வெளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாயங்காலம் ரிசப்ஷன் இருக்குப்பா. பசங்களுக்குச் சொல்லிக்குடுத்து அந்தத் தட்டைச் சரிபண்ணி மாட்ட வச்சுட்டு, அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போயேன்."

அக்கா சத்தம் போட்டுச் சிரித்தார். "நீங்களே மாட்டிக்கங்க" என்றார். என்னைத் தூக்கி நிறுத்தித் தோள் கொடுத்தார்.

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அவர் கொடுத்த புகாரில் மேனேஜர்மேல் வழக்கு, அவன் கொடுத்த புகாரில் என்மேல் வழக்கு. சமாதானம் பேச வந்தவர்களை அவர் வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பினார். ஜாமீனில் வந்த மேனேஜர் சத்தமில்லாமல் துபாய்க்குப் போய்விட்டான். நாங்கள் மட்டும் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். என் கை வளைவாகக் கூடியது. வெயிட்டான எதையும் தூக்க முடியாமல், அறுவடை மெஷின்களுக்குக் கத்தி தீட்டிப் பிழைத்தேன். அக்கா நிலம் குத்தகைக்கு எடுத்தார்.

பல வருஷம் கழித்து, தன் அம்மா செத்ததற்கு ஊருக்கு வந்தபோதுதான் மேனேஜர் பிடிபட்டான். தீர்ப்பில் அவனுக்குச் சிறை, எனக்கு விடுதலை. கோர்ட்டு வாசலில் கேட்டேன்: "நிம்மதியாக்கா?"

"என்ன நிம்மதி? அவன் கன்னத்தப் பாத்தியா, தையல் போட்ட தடமே தெரியல. எனக்கு வேர்த்தா கழுத்து இன்னும் எரியுது." சேலைத் தலைப்பைக் கழுத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி வா தம்பி. நாத்துப் பறிக்க ஆள் வரச் சொல்லியிருக்கேன். பஸ்ஸு போயிடும்."